வுல்கானோவின் ஆள்காட்டி விரல்

ஃபுளோரன்ஸ்
20 பிப்ரவரி 1961

அன்புள்ள நெரீனோ,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் ஆற்றுப் பனியோடு வந்தது, பனியோடு போய்விடும். உன் தோள்பட்டை எப்படி இருக்கிறது? இசோலினா உனக்கு இன்னும் மூன்று வேளையும் சோளக்களிதான் போடுகிறாளா? வெரோனாக்காரியைக் கட்டிக்கொண்டால் அப்படித்தான். அவளிடம் நான் அன்பாக விசாரித்ததாகச் சொல். களியைப் பற்றி எழுதியதைச் சொல்லாதே.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் எங்கள் அருங்காட்சியகத்தில் பெரிய வெண்கலக் கண்காட்சி நடக்கப்போகிறது. சுவரொட்டியில் யார் படம் தெரியுமா? என் வுல்கானோ. கொல்லர்களின் தேவன், இரும்பு அடிக்கும் அடைகல்லின் மேல் உட்கார்ந்து சுத்தியலை ஓங்கியபடி ஊரெல்லாம் தொங்கப்போகிறான்.

பத்து வருடத்துக்கு முன்னால் அவன் யாருக்கும் வேண்டாதவனாகக் கிடந்தான். ஒரு முழ உயரம்கூட இல்லாத, செய்தவர் பெயர் தெரியாத பொம்மை. அவன் தோல் முன்னங்கியில் மொட்டை உளியால் தட்டிய புள்ளிகள் இருந்தன அல்லவா? ஒவ்வொரு புள்ளியின் ஓரத்திலும் பிறை மாதிரி ஒரு சின்ன உடைசல் இருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். முனை உடைந்த ஒரே உளி. அதே உடைசல் பெரிய மேதை வெர்னச்சினி கையெழுத்திட்ட இரண்டு சிலைகளிலும் இருந்தது. அதை வைத்துத்தான் இது வெர்னச்சினியின் படைப்பு என்று நிறுவினேன். படித்த பெரிய மனிதர்கள் இருநூறு வருடமாக அந்தச் சிலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. வார்த்த சிலையைத் தட்டிச் சீர்செய்கிற சிற்றுளிக்காரன் மகள் கண்ணில்தான் பட்டது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இன்னொன்று. வெண்கலப் பிரிவின் தலைமைப் பதவி ஜூலையில் காலியாகிறது. இயக்குநர் பெர்காமி என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார். இதுவரை அந்த நாற்காலியில் எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. கைக்கு வரும்வரை யாரிடமும் மூச்சு விடாதே. சுவரொட்டிக்கு எடுத்த பெரிய படம் ஒன்றை இதோடு அனுப்புகிறேன். பத்திரமாக வை.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளியைச் சுற்றாமல் பட்டறைக்குப் போகாதே.

உன் அக்கா,
தியனோரா


வெரோனா
12 மார்ச் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தோள்பட்டை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. உன் கடிதத்தை இசோலினாவே வாங்கிப் பிரித்துப் படித்துவிட்டாள், களி வரி உட்பட. அன்று இரவும் களிதான்.

நீ யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் பட்டறையில் மட்டும்தான் சொன்னேன். அப்புறம் மதுக்கடையில். அப்புறம் முடிவெட்டுகிறவனிடம். என்ன செய்வது அக்கா, வாய் நிற்கவில்லை. "எங்கக்கா ஃபுளோரன்ஸ்ல வெண்கலத்துக்கெல்லாம் தலைவியாகப் போறா" என்று நான் சொன்னதும், முடிவெட்டுகிறவன் காசு வாங்கவில்லை!

படத்தை என் வேலை மேசைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினேன். அங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. என் பக்கத்து மேசை ஸேனோ தெரியுமில்லையா, முப்பது வருடமாகச் சிற்றுளி பிடிக்கிறவர், சாமிக்கும் மந்திரிக்கும் பயப்படாத மனுஷர். ரொட்டியைக் கடித்துக்கொண்டே படத்தைப் பார்த்தவர் கடகடவென்று சிரித்தார்.

"டேய் நெரீனோ, இது கொல்லன் இல்லடா. நம்மாளு!"

"எப்படிச் சொல்றீங்க?"

"கண்ணு எங்க இருக்கு ஒனக்கு? சுத்தியல எப்படிப் புடிச்சிருக்கான் பாரு. ஆள்காட்டி விரல் காம்பு மேல நீட்டிக்கிட்டு நிக்குது. இப்படிப் புடிச்சு இரும்ப அடிச்சான்னா மூணாவது அடியில வெரலு போயிரும். இது சிற்றுளிக்காரன் புடிடா. டக்கு டக்குன்னு மணிக்கட்டாலயே தட்டுற புடி!"

எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஒவ்வொருவனும் தன் சுத்தியலை எடுத்துப் பிடித்துப் பார்த்தான். அச்சு அசலாக அதே பிடி. கொல்லன் முஷ்டியை மூடித்தான் பிடிப்பான். ஊரில் லாடம் அடிக்கிறவனைப் பார்த்தாலே தெரியும்.

அக்கா, வெர்னச்சினி களிமண் பிசைந்ததோடு சரி, சுத்தியலையே தொடமாட்டான், வார்ப்பு வந்ததும் அதைச் சீர்செய்யச் சிற்றுளிக்காரன் ஒருவனை வைத்திருந்தான் என்று உன் கட்டுரையில் நீதானே எழுதியிருக்கிறாய்? அப்படியென்றால் அந்த உடைந்த உளி அந்த வேலைக்காரனுடையது. மூன்று சிலையிலும் அந்தப் புள்ளி இருந்தால், மூன்றையும் தட்டியவன் ஒருவன் என்றுதான் அர்த்தம். வடித்தவன் ஒருவன் என்று ஆகாது. கொல்லன் கையைத் தெரியாமல் தன் கை பழகிய மாதிரியே வடித்திருக்கிறானே, அவன்தான் வுல்கானோவைச் செய்தவன் என்று நாங்கள் எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டோம். யார் அக்கா அவன்? பெயர் தெரியுமா?

சீக்கிரம் எழுது. ஸேனோ தினமும் கேட்கிறார்.

உன் தம்பி,
நெரீனோ


வெரோனா
16 ஏப்ரல் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஈஸ்டர் போய் இரண்டு வாரம் ஆகிறது. உன்னிடமிருந்து வாழ்த்து அட்டைகூட இல்லை. தலைவி ஆவதற்கு முன்னாலேயே இப்படியா? இசோலினா, "ஒங்கக்காவுக்கு ஒடம்புக்கு என்னமோ" என்று பயப்படுகிறாள். உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் என்று நான் சொன்னேன். எதற்குக் கோபம் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

எங்கள் சிற்பி மாஸ்ட்ரோ கலியார்டியின் பெரிய வெண்கலக் குதிரையை முடித்துவிட்டோம். வார்ப்பிலிருந்து வந்தபோது கழுத்து முழுக்கச் சொறி. நாலு மாதம் நான் ஒருவனே அந்தக் கழுத்தோடு குடித்தனம் நடத்தினேன். பிடரி மயிர் எல்லாம் மாஸ்ட்ரோ களிமண்ணில் விரலால் இழுத்துவிட்டுப் போனதுதான், ஒவ்வொரு இழையாகப் பிரித்தது நான். பார்த்துவிட்டு "ம், சரி" என்றார். அவர் வாயில் அதுவே பெரிது.

உடனே இரண்டு வரி போடு.

நெரீனோ


ஃபுளோரன்ஸ்
3 மே 1961

நெரீனோ,

சுகம். உங்கள் நலத்துக்குப் பிரார்த்திக்கிறேன். வேலை மிகுதியால் எழுத முடியவில்லை.

உன் மார்ச் மாதக் கடிதத்தைப் பற்றி: ஒரு சிலையை யார் செய்தார் என்று சொல்வதற்கு ஆவணம் வேண்டும், ஒப்பீடு வேண்டும், இருபது வருடப் படிப்பு வேண்டும். ரொட்டி தின்னும் நேரத்தில் ஒரு படத்தைப் பார்த்துத் தீர்மானம் போடுகிற விஷயமல்ல. வெர்னச்சினி வாழ்ந்த பரோக் காலத்துச் சிற்பிகள் கைகளை அழகுக்காக எப்படி வேண்டுமானாலும் வளைப்பார்கள். விரல் நீண்டிருப்பது நளினத்துக்காக.

சுவரொட்டி அச்சாகிவிட்டது. என் பத்து வருட உழைப்பும் பெயரும் அதில் இருக்கின்றன. நீ செய்கிற வேலை வேறு, நான் செய்கிற வேலை வேறு. உன் குதிரையைப் பற்றி நான் கருத்துச் சொன்னேனா?

இந்தப் பிடிப் பேச்சை மதுக்கடையில் பரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இசோலினாவுக்கு அன்பு.

தியனோரா


வெரோனா
20 மே 1961

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலமறிய ஆவல். மழை நின்று வெயில் அடிக்கத் தொடங்கியிருக்கிறது. தோள்பட்டை பரவாயில்லை.

படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மிலான் கண்காட்சியில் மாஸ்ட்ரோ கலியார்டியின் குதிரைக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. நானும் இசோலினாவும் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்தோம். நல்ல வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். கூட்டம் நிறைய. கழுத்துப் பக்கம் கொஞ்சம் கிட்டே போனேன். காவலாளி, "தொடாதீங்கய்யா, விலை உயர்ந்தது" என்றார். தொடவில்லை.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

நெரீனோ


ஃபுளோரன்ஸ்
9 ஜூலை 1961

என் அன்பு நெரீனோ,

எனக்கு உடம்பு நலம், மனசுதான் நலமில்லை. இந்தக் கடிதத்தை ஏழு முறை கிழித்துப் போட்டுவிட்டு எட்டாவது முறை எழுதுகிறேன். இசோலினாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி, அப்போதுதான் நீ கோபத்தில் பாதியில் தூக்கிப் போடமாட்டாய்.

உன் கடைசிக் கடிதத்தில் என்னைத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். நீ திட்டவில்லை. "தொடவில்லை" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டாய். அந்த வார்த்தை என்னை ஆறு வாரம் சும்மா இருக்கவிடவில்லை.

போன திங்கட்கிழமை ஆவணக்காப்பகத்துக்குப் போனேன். வெர்னச்சினியின் கடிதக்கட்டுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். நான் கேட்டது வேறு கட்டு. அந்தக் காலத்தில் ஃபுளோரன்ஸை ஆண்ட கிராண்ட் டியூக்குக்குப் பட்டறைத் தொழிலாளிகள் எழுதிய மனுக்கள். கட்டை எடுத்துவந்த குமாஸ்தா தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"இருவது வருஷமா வர்றீங்க டாக்டரம்மா. இந்தக் கட்ட ஒரு தடவகூடக் கேட்டதில்லையே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது, தம்பி. சிற்றுளிக்காரன் மகள், சிற்றுளிக்காரன் அக்கா. அவர்கள் எழுதியதை மட்டும் கேட்டே வாங்கவில்லை. அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்திருக்கிறேன்!

நாற்பத்தோராவது தாள். 1694-ம் வருடம். எழுதியவன் பெயர் பஸ்தியானோ கோர்சி, வெர்னச்சினியின் சிற்றுளிக்காரன். அவன் சொல்வதை நம் பேச்சில் சொல்கிறேன்: "பிரபுவே, நான் விடுமுறை நாட்களில் என் சொந்த மெழுகில் ஒரு வுல்கானோ செய்தேன். அடைகல்லின் மேல் உட்கார்ந்தவன். வேறு ஆள் உட்காரக் கிடைக்காததால் என்னையே பார்த்துச் செய்தேன். வார்ப்பில் இடது முழங்காலில் ஓட்டை விழுந்தது. ஒட்டுப் போட்டேன். எங்கே போட்டேன் என்று என் எஜமானராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் தன் பட்டறையில் செய்தது தன் பெயரில்தான் போகும் என்கிறார். என் பெயரில் விற்க அனுமதி தாருங்கள்."

தாளின் அடியில் வேறு கையெழுத்தில் ஒரே சொல்: மறுக்கப்பட்டது.

படித்துவிட்டுக் குமாஸ்தா எதிரிலேயே அழுதேன். பாவம், அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

உன் ஸேனோ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தவறு. இதை எழுதிவிட்டேன், இனி மூச்சு விட முடிகிறது.

ஆனால் இயக்குநர் பெர்காமி ஒரு மனுவை மட்டும் வைத்து ஒத்துக்கொள்ளமாட்டார். அது வேறு ஏதோ வுல்கானோ என்பார். அந்த ஒட்டைக் காட்டினால்தான் வாயை மூடுவார். மூன்று நாளாகப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறேன். முழங்கால் குழந்தைக் கன்னம் மாதிரி வழவழவென்றிருக்கிறது. ஒரு கோடும் இல்லை. எப்படித் தேடுவது என்று எனக்குச் சொல்லிக்கொடு. கேட்கிறேன்.

உன் அக்கா,
தியனோரா


வெரோனா
12 ஜூலை 1961

அன்புள்ள அக்கா,

அக்கா என்றால் இதுதான் அக்கா! எல்லோரும் சௌக்கியம், தோள்பட்டை, களி, இசோலினா எல்லாமே சௌக்கியம். உன் கடிதத்தைப் பட்டறையில் உரக்கப் படித்தேன். "என் எஜமானராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற இடத்தில் ஸேனோ மேசையைத் தட்டி எழுந்துவிட்டார். "பய என்னா திமிரு புடிச்சவன் பாத்தியா! டியூக்குக்கே எழுதுறான்யா!" என்று ஒரே குதி. அப்புறம் "மறுக்கப்பட்டது" என்று படித்தேன். எல்லோரும் அவரவர் மேசைக்குத் திரும்பி உளியை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது கேள். பூதக்கண்ணாடியை மூடி வை. நல்ல ஒட்டைக் கண்ணால் பிடிக்க முடியாது, பிடிக்க முடிந்தால் அது நல்ல ஒட்டில்லை. அப்படிக் கண்ணுக்குத் தெரிகிற ஒட்டுப் போட்டவனை நாங்கள் பட்டறையில் சேர்க்கவேமாட்டோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. கண்ணை மூடிக்கொள். கட்டை விரல் நகத்தை ரொம்ப லேசாக வைத்து, முழங்காலின் மேலிருந்து கீழே, அப்புறம் பக்கவாட்டில், அவசரப்படாமல் இழு. நாங்கள் ஒட்டைச் சதுரமாகத்தான் வெட்டுவோம், ஓரத்தை உள்ளே சரிவாகச் செதுக்கி வெளியிலிருந்து சுத்தியலால் அடித்து இறுக்குவோம். முன்னூறு வருடத்துக்குக் கிட்டக் குளிரிலும் சூட்டிலும் கிடந்தால் ஏதாவது ஒரு மூலை மயிரிழை அளவு அசைந்திருக்கும். நகம் அந்த மூலையில் கொஞ்சம் தயங்கும். தயங்கினால் நிறுத்து. அங்கே விளக்கைப் பக்கவாட்டில் பிடி.

முதலில் கிடைக்காது. விடாதே. எனக்கும் முதலில் கிடைக்காது.

உன் தம்பி,
நெரீனோ


ஃபுளோரன்ஸ்
2 ஆகஸ்ட் 1961

அன்புள்ள நெரீனோ,

சுகம், வெயில் கொளுத்துகிறது. ஊரில் பாதிப் பேர் கடற்கரைக்கு ஓடிவிட்டார்கள். உனக்கு வியர்க்குரு வந்துவிட்டதா? பொடி போட்டுக்கொள்.

கிடைத்துவிட்டது!

நான்காம் நாள் காலையில் நகம் தயங்கியது. முழங்காலின் வெளிப்பக்கம், நான் பத்து வருடமாக அவனைத் தூக்கும்போதெல்லாம் கட்டை விரலை வைக்கிற இடம். விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். ஒரு மூலை, அதிலிருந்து ஒரு கோடு, இன்னொரு மூலை. உன் சுண்டுவிரல் நகம் அளவு சதுரம். எவ்வளவு அழகான வேலை! வாய்விட்டு, "பஸ்தியானோ, மாட்டிக்கிட்டியா!" என்று கத்திவிட்டேன். அடுத்த அறையிலிருந்து, என் பிரிவிலேயே வேலை செய்கிற டாக்டர் வெனியெரோ பயந்துபோய் ஓடிவந்தார்.

அன்றே இயக்குநரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். பொறுமையாகப் பார்த்தார். நகத்தை வைத்துத் தடவியும் பார்த்தார். அவர் மோசமானவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"நீங்க சொல்றது உண்மையாத்தான் இருக்கும்மா. ஆனா ஊரெல்லாம் வெர்னச்சினின்னு ஒட்டியாச்சு. பெரிய பேர எடுத்துட்டு ஒரு வேலைக்காரன் பேரப் போட்டா யாரு வந்து பாப்பா? அதுவும் தப்புப் பண்ணினதே நீங்கதான்னு தெரிஞ்சா, தேர்வுக் குழு ஒங்களுக்குப் பதவி தருமா?"

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"கண்காட்சி முடியட்டும். பதவிய வாங்கிக்குங்க. ரெண்டு வருஷம் கழிச்சு மெதுவா ஒரு கட்டுரை எழுதிக்குங்க. இத்தன வருஷம் பொறுத்தவன் இன்னும் ரெண்டு வருஷம் பொறுக்கமாட்டானா?"

பதவி முடிவைச் செப்டம்பருக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கண்காட்சிப் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. மாத முடிவுக்குள் நான் எழுதித் தர வேண்டும்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்த நாற்காலி எனக்கு வேண்டும், நெரீனோ. வேண்டாம் என்று பொய் சொல்லமாட்டேன். நிறைய வேண்டும்.

இசோலினாவுக்கு என் முத்தங்கள்.

தியனோரா


வெரோனா
7 ஆகஸ்ட் 1961

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். வியர்க்குரு இல்லை, பொடி வேண்டாம்.

நன்றாகக் கேள், உன் தம்பி சொல்கிறேன். இயக்குநர் சொன்னபடி செய். பஸ்தியானோ செத்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது, அவனுக்குக் கஞ்சியும் வேண்டாம் கம்பளியும் வேண்டாம். நீ உயிரோடு இருக்கிறாய். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருந்த ஒரே விளக்கை உன் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நான் அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, இதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன். எங்கள் தெருவில் நான் நடந்தால், "தலைவியோட தம்பி போறான்" என்கிறார்கள். அதைக் கெடுக்காதே.

இசோலினாவும் இதையேதான் சொல்கிறாள். ஸேனோ மட்டும் இந்தப் பேச்சை எடுத்தாலே சுத்தியலை இன்னும் சத்தமாகத் தட்டுகிறார். அவர் கிடக்கிறார்.

எங்களுக்குப் பெயர் இல்லாமல் வாழத் தெரியும் அக்கா. பழக்கம்தான். உனக்குத் தெரியாது. நீ கஷ்டப்படுவாய்.

பிடிவாதம் பிடிக்காமல் எழுது.

நெரீனோ


வெரோனா
30 அக்டோபர் 1961

அக்கா,

உனக்கு நலமா என்று முதலில் கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். மூன்று மாதமாகப் பதில் போடாத உன்னை என்ன செய்தால் தகும்!

நேற்று நாங்கள் ஃபுளோரன்ஸில் இருந்தோம். நான், இசோலினா, ஸேனோ. உன் வீட்டுக் கதவைத் தட்டினோம். நீ சியெனா போயிருப்பதாகப் பக்கத்து வீட்டம்மா சொன்னார். சரி என்று நேராக அருங்காட்சியகத்துக்குப் போனோம். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவரிடம் பெருமையாக, "வெண்கலப் பிரிவுத் தலைவி இருக்காங்களா? நான் அவங்க தம்பி" என்றேன். அவர், "தலைவர் டாக்டர் வெனியெரோ ஆச்சே" என்றார். இசோலினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே போனோம். வுல்கானோ நடுக்கூடத்தில், தனியாக, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தான். சுவரொட்டியில் வெர்னச்சினி பெயர் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருப்பதைத் தெருவிலேயே பார்த்துவிட்டேன், ஆனாலும் கிட்டே போகப் பயம். ஸேனோதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிலையின் கீழே இருந்த பலகையை, சின்னப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக, கூடமே திரும்பிப் பார்க்கிற குரலில் படித்தார்.

"வுல்கானோ. செய்தவர், பஸ்தியானோ கோர்சி, சிற்றுளிக்காரர். சுத்தியலின் பிடியை முதலில் கண்டு சொன்னவர்கள், வெரோனாச் சிற்றுளிக்காரர்கள் ஸேனோ மரங்கோன், நெரீனோ புருஸ்கி..."

அதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. "டேய், என் பேருடா. நான்டா ஸேனோ மரங்கோன்" என்று முன்னால் நின்ற ஒரு ஜெர்மன்காரனின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் கை குலுக்கினான். அறுபது வயது மனுஷர் அக்கா, அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான். எங்களைப் பார்த்து இசோலினாவும். காவலாளி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரியைப் பார்த்தேன். "இதை வெர்னச்சினியின் படைப்பு என்று 1951-ல் தவறாகக் கூறியவர்: தியனோரா புருஸ்கி."

எந்தப் படுபாவி எழுதினான் அக்கா இதை? அந்த வெனியெரோவா? நாற்காலியைப் பிடுங்கியது போதாதா, ஊர் பார்க்க உன் பெயருக்குப் பக்கத்தில் தவறு என்று எழுதி ஒட்ட வேண்டுமா? ஒரே ஒரு வார்த்தை சொல், நான் அடுத்த ரயிலில் வருகிறேன். ஸேனோவும் வருகிறேன் என்கிறார். அவர் சுத்தியலையும் கொண்டுவருவதாகச் சொல்கிறார், நான் வேண்டாம் என்றேன்.

ரயிலில் திரும்பும்போது ஒன்றை நினைத்தேன். எல்லா அக்காவும் தம்பிக்கு மிட்டாய் வாங்கித் தருவாள். இப்படி ஒரு அக்கா யாருக்கு இருக்கிறாள்!

உன் தம்பி,
நெரீனோ


ஃபுளோரன்ஸ்
4 நவம்பர் 1961

அன்புள்ள நெரீனோ,

நான் சுகம். முழங்கால் வலி மறுபடி ஆரம்பம். வீடு வரைக்கும் வந்தும் உங்களுக்கு ஒரு வாய் சூப் கொடுக்க முடியாமல் போய்விட்டதே என்று இசோலினாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உனக்குப் பதில் போடாததற்குக் காரணம், போட்டிருந்தால் உன் பேச்சைக் கேட்டிருப்பேன்.

பாவம், வெனியெரோவை ஒன்றும் செய்துவிடாதே, ஸேனோவிடமும் சொல். அவர் என்னிடம் மிகவும் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார். பலகைக்கு எழுதும்போது, "முன்பு ஒரு ஆய்வாளர் தவறாகக் கூறியிருந்தார்னு மட்டும் போட்டுக்கலாம்மா, ஒங்க பேரு எதுக்கு?" என்று அவ்வளவு பரிவாகக் கேட்டார். பெயர் போடாமல் விடுவதுதான் மரியாதையாம்!

அந்த வரியை நானே எழுதினேன். வேறு யாரும் எழுத நான் விடவில்லை. பத்து வருடம் உட்கார்ந்து, ஒவ்வொரு புள்ளியாக எண்ணி, என் இரண்டு கண்ணாலும் செய்த தவறு அது. பிறையைக் கண்டுபிடிக்கச் சிற்றுளிக்காரன் வீட்டில் பிறந்திருக்க வேண்டும், அதைக் கண்டுபிடித்த கர்வத்தில் வழுக்கி விழவும் அங்கேயேதான் பிறந்திருக்க வேண்டும். படித்த பெரிய மனிதர்கள் ஒருவராலும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது.

அது என் வேலை, நெரீனோ. என் வேலையில் என் பெயர் இருக்க வேண்டும்.

உன் அக்கா,
தியனோரா புருஸ்கி